சென்னையிலிருந்து டொரண்டோ: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? நாமே கணக்குப் போடலாம்

பெரியம்மாவுக்கு டிக்கெட் எடுத்த அன்றைக்குத்தான் இந்தக் கணக்கு ஆரம்பித்தது. மகளின் பிரசவத்துக்காக டொரண்டோ போகிறார், அதுவும் முதல் வெளிநாட்டுப் பயணம். டிக்கெட்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "விடியக்காலம் 3.50-க்குக் கிளம்பி மத்தியானம் 2.45-க்குப் போயிடலாமா? பதினோரு மணி நேரம்தானே! நாகர்கோவில்லேர்ந்து மெட்ராசுக்கு பஸ்ல வர்ற நேரம்தான்" என்றார்.

அது 20 மணி 25 நிமிடப் பயணம். அவர் கழித்ததில் தப்பில்லை. ஒரு கடிகாரத்திலிருந்து இன்னொரு கடிகாரத்தைக் கழித்ததுதான் தப்பு.

இணையத்தில் தேடினால் இதற்கு நேர்மாறான ஒரு தப்பு கிடைக்கும். சென்னை–டொரண்டோ 13,390 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 15 அல்லது 16 மணி என்று ஒரு பதில் வரும். தூரம் சரி. நேரம் கற்பனை. இந்த இரண்டு ஊருக்கும் நடுவே நேரடி விமானமே கிடையாது. தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பதிலை நம்பி யாரும் ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்பக் கூடாது.

சரி, முதலிலிருந்து வருவோம்.

படி 1: தூரம். ஒரு நூலும் ஒரு பூகோள உருண்டையும்

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தை நம்பாதீர்கள். அதில் சென்னையிலிருந்து டொரண்டோவுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அது அரேபியாவைத் தாண்டி, சகாராவின் மேலே போய், அட்லாண்டிக்கைக் கடந்து மேற்கே போகும். திசைகாட்டியைத் திருப்பாமல் அந்தக் கோட்டிலேயே பறந்தால் சுமார் 15,700 கி.மீ. ஆகும்.

பிள்ளைகளின் மேசையில் இருக்கும் உருண்டையை எடுங்கள். சென்னையில் நூலின் ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு முனையை டொரண்டோவில் வைத்து இழுத்து இறுக்குங்கள். நூல் தானாகவே வடக்கே வழுக்கிப் போய் நிற்கும். மேற்கே இருக்கும் ஊருக்கு ஏன் வடதுருவத்தைப் பார்த்துப் போகிறது என்று முதல் தடவை பார்க்கும் எல்லோருக்கும் ஒரு திகைப்பு வரும், எனக்கும் வந்தது. உருண்டையின் மேல் குறுக்கு வழி அதுதான். இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள்.

உருண்டையின் விட்டம் 30 செ.மீ. என்றால் சுற்றளவு 94 செ.மீ. சொச்சம். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆக, நூலில் ஒரு செ.மீ. என்பது தரையில் ஏறக்குறைய 425 கி.மீ. சென்னை–டொரண்டோ நூலை எடுத்து ஸ்கேலில் வைத்தால் 31.5 செ.மீ. வரும். பெருக்கிப் பாருங்கள், 13,390-க்குப் பக்கத்தில் நிற்கும்.

துல்லியம் வேண்டுமென்றால் போனில் இருக்கும் கால்குலேட்டரைப் படுக்கவைத்துத் திருப்புங்கள், சைன், கொசைன் பொத்தான்கள் வரும். அது டிகிரியில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியனில் இருந்தால் விடை கண்டபடி வரும்.

சென்னை விமான நிலையம்: வடக்கு 12.99, கிழக்கு 80.17 டிகிரி. டொரண்டோவின் பியர்சன் விமான நிலையம்: வடக்கு 43.68, மேற்கு 79.63. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 159.80. இரண்டும் ஒரே பக்கம் என்றால் கழிக்க வேண்டும். தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனி மூன்று வரி. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கினால் 0.155. அவற்றின் கொசைன்களைப் பெருக்கி, 159.80-இன் கொசைனாலும் பெருக்கினால் மைனஸ் 0.661. இரண்டையும் கூட்டினால் மைனஸ் 0.506. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று (cos⁻¹ பொத்தானை அழுத்திக்) கேட்டால் கால்குலேட்டர் 120.4 டிகிரி என்று சொல்லும். பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது 111.2 கி.மீ. பெருக்கினால் 13,390 கி.மீ.

இதையே மைலில் கேட்டால் 8,320, கடல் மைலில் கேட்டால் 7,230. விமானிகள் பேசுவது கடல் மைல் (1.852 கி.மீ.). ஒரே பயணத்துக்கு மூன்று பேர் மூன்று எண் சொன்னால் சண்டை போட வேண்டாம், மூவரும் சரியாகவே சொல்லியிருக்கலாம்.

படி 2: அந்த நூல் எந்த நாடுகளின் மேல் போகிறது?

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. எனக்கோ இதுதான் ருசியான இடம்.

சென்னையிலிருந்து கிளம்பும் நூல் வட ராஜஸ்தான் மேலே போகிறது. அப்புறம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் ஓரம், மத்திய ஆசியா, கஜகஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலை, வெள்ளைக் கடல், நார்வேயின் வடகோடி. அங்கிருந்து கிரீன்லாந்துக் கடலில் 73 டிகிரி வடக்கு தாண்டி உச்சியைத் தொட்டுவிட்டு, கிரீன்லாந்தின் பனிக்கட்டி மேலே கீழிறங்கி, கியூபெக் வழியாக டொரண்டோ.

இப்போது செய்தித்தாளை நினைத்துக்கொண்டு அதே நூலைப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் கனடாவும் ரஷ்ய விமானங்களுக்கு வான்வெளியை மூடின. ரஷ்யாவும் பதிலுக்கு அவர்களுக்கு மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடி, அப்புறம் அந்தத் தடையை மாதாமாதம் நீட்டிக்க ஆரம்பித்தது. ஆக, கனடா விமானம் என்றால் நூலின் நடுப்பகுதி அடைபடுகிறது, இந்திய விமானம் என்றால் ஆரம்பமே அடைபடுகிறது. அந்த 13,390 கி.மீ. பாதையில் முழுசாகப் பறக்க யாருக்கு அனுமதி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், விரல் மடக்கவே வேலை இருக்காது.

நேரடி விமானம் ஏன் இல்லை என்பதற்குத் தூரம் காரணமில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் 15,300 கி.மீ.க்கு மேல். அதை ஏர்பஸ் ஏ350-இன் நெடுந்தூர வகை 18 மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் பறக்கிறது. நம்முடையது அதைவிட 2,000 கி.மீ. குறைவு. ஆனால் 16 மணி பறக்க வேண்டுமென்றால், ஏற்றிய எரிபொருளில் ஒரு பகுதி எரிபொருளைச் சுமப்பதற்கே செலவாகும். அந்தச் செலவை ஈடுகட்டத் தினமும் பிசினஸ் வகுப்பு நிரம்ப வேண்டும். சென்னை–டொரண்டோ கூட்டம் பெரும்பாலும் பேரப்பிள்ளை பார்க்கப் போகிறவர்களும் மாணவர்களும்தான். அதனால் இப்போதைக்கு யாரும் துணிய மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

படி 3: எங்கே இறங்கி மாறுவது? சுற்று எவ்வளவு?

ஒவ்வொரு வழிக்கும் இரண்டு துண்டுகளையும் படி 1-இல் சொன்ன மாதிரியே கணக்குப் போட்டுக் கூட்டினேன்.

டெல்லி வழி: 1,760 + 11,640 = 13,400 கி.மீ.
லண்டன் வழி: 8,230 + 5,710 = 13,940 கி.மீ.
பிராங்பர்ட் வழி: 7,590 + 6,340 = 13,930 கி.மீ.
துபாய் வழி: 2,930 + 11,080 = 14,010 கி.மீ.

டெல்லி வழி போகிறவர்களுக்குச் சுற்றே இல்லை, நூலுக்குப் பக்கத்திலேயே ஊர் இருக்கிறது. லண்டனுக்கும் பிராங்பர்ட்டுக்கும் வித்தியாசம் பெயருக்குத்தான். "துபாய் போய்ச் சுத்திப் போறதா?" என்று முகம் சுளிப்பவர்கள் கவனிக்க: நேர்கோட்டைவிட அது 620 கி.மீ. தான் அதிகம், விமானத்துக்கு முக்கால் மணி நேரம்.

காகிதத்தில் ஜெயிக்கும் டெல்லி வழியில்தான் பாகிஸ்தான் தடை நேராக இடிக்கிறது. தடைக்குப் பிறகு டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் அரபிக்கடல் பக்கம் சுற்றி, ஐரோப்பாவில் எரிபொருளுக்கு இறங்கியே போக வேண்டிவந்தது. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் டெல்லியின் மூடுபனி வேறு. கிலோமீட்டரைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்.

படி 4: பறக்கும் நேரம்

நான் வைத்திருக்கும் வாய்ப்பாடு இது. கிலோமீட்டரை 850-ஆல் வகுக்கவும். தரையில் ஊர்ந்து போவதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி சேர்க்கவும். மேற்கே போகிற நெடும்பயணம் என்றால் இன்னொரு அரை மணி கூட்டவும், கிழக்கே வருகிறது என்றால் அரை மணி குறைக்கவும். சின்னத் துண்டு என்றால் அரை மணிக்குப் பதில் கால் மணி போதும்.

துபாய்–டொரண்டோ: 11,080-ஐ 850-ஆல் வகுத்தால் 13 மணி. அரையும் அரையும் கூட்டினால் 14. அட்டவணையிலும் 14 மணி சொச்சம்தான் போட்டிருப்பார்கள். திரும்பி வரும்போது 13 மணி. சென்னை–லண்டன் இதே கணக்கில் பத்தே முக்கால் மணி வரும்.

போக வர ஏன் இந்த வித்தியாசம்? ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். மணிக்கு 100, 200 கி.மீ. வேகமெல்லாம் அதற்குச் சாதாரணம், குளிர்காலத்தில் இன்னும் மூர்க்கமாகும். கிழக்கே வரும் விமானம் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும், மேற்கே போகிற விமானம் எதிர்நீச்சல் போடும் அல்லது ஒதுங்கிப் போகும். 2020 பிப்ரவரியில் புயல் காற்றோடு சேர்ந்துகொண்ட ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் தொட்டது. ஒலியை மிஞ்சாத பயணிகள் விமானத்துக்கு அன்றைக்கு அது சாதனை.

ஒரு சின்ன விஷயம். டிக்கெட்டில் போட்டிருப்பது சக்கரம் தரையை விட்ட நேரம் அல்ல. வாசலிலிருந்து விமானம் நகரும் நேரம் முதல் மறு ஊர் வாசலில் வந்து நிற்கும் நேரம் வரை. குளிர்காலத்தில் டொரண்டோவிலிருந்து கிளம்பும்போது, இறக்கைமேல் படிந்த பனியைக் கரைக்க மருந்து அடிப்பார்கள். வரிசையில் நின்றால் அரை மணி, முக்கால் மணி அதிலேயே போய்விடும். அது அட்டவணையில் முழுசாக இருக்காது.

படி 5: கடிகாரம்

பெரியம்மா தடுக்கிய இடம். நானும் முதல் தடவை தடுக்கியது இங்கேதான்.

இந்திய நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே. துபாய் நாலு மணி முன்னே, வருஷம் முழுக்க அதே. டொரண்டோ குளிர்காலத்தில் ஐந்து மணி பின்னே, கோடையில் நாலு மணி பின்னே. மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைப்பார்கள். ஆக, நமக்கும் டொரண்டோவுக்கும் வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி, குளிரில் பத்தரை மணி. லண்டனிலும் கடிகாரம் மாறும், ஆனால் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும்தான் மாறும். லண்டன் வழி போகிறவர்கள் அந்த இடைப்பட்ட வாரங்களில் இரண்டு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

முறை ஒன்றுதான்: எல்லா நேரத்தையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் கழிக்க வேண்டும். எனக்கு இந்திய நேரம் வசதி.

பெரியம்மாவின் டிக்கெட், ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை. சென்னையில் 3.50-க்குப் புறப்பாடு. துபாயில் இறங்குவது அங்கே 6.40, நம் நேரப்படி 8.10. ஆக 4 மணி 20 நிமிடம். துபாயில் 8.30-க்குக் கிளம்புகிறது, நம் நேரம் 10.00. காத்திருப்பு 1 மணி 50 நிமிடம். டொரண்டோவில் இறங்குவது அங்கே மத்தியானம் 2.45. ஒன்பதரை மணி கூட்டினால் நமக்கு நள்ளிரவு தாண்டி 12.15, அதாவது புதன்கிழமை. அந்தத் துண்டு 14 மணி 15 நிமிடம். மூன்றையும் கூட்டினால் 20 மணி 25 நிமிடம்.

திரும்பும்போது நாள் கணக்கே உதைக்கும். ஞாயிறு இரவு 10 மணிக்கு டொரண்டோவில் கிளம்பினால் நமக்கு அப்போது திங்கள் காலை 7.30. பன்னிரண்டே முக்கால் மணி பறந்து, துபாயில் மூன்று மணி உட்கார்ந்து, இன்னும் நாலு மணி பறந்தால் சென்னையில் செவ்வாய் விடியற்காலை 3.15. பயணம் பத்தொன்பதே முக்கால் மணிதான், ஆனால் டிக்கெட்டில் ஓரத்தில் சின்னதாக "+2" என்று இருக்கும். அதைப் பார்க்காமல் திங்கள் விடியற்காலை மீனம்பாக்கத்தில் பூங்கொத்தோடு நின்ற மாமா ஒருவர் எங்கள் குடும்பத்தில் உண்டு.

படி 6: மாறும் இடத்தில் எவ்வளவு நேரம்?

பயணத்தை நீட்டுவதும் குறைப்பதும் இதுதான். வான்வெளியும் காற்றும் ஒரு மணி, இரண்டு மணி விளையாடும். காத்திருப்பு பத்து, இருபது மணி வரை விளையாடும். 40 மணி நேரப் பயணம் என்று டிக்கெட் தளத்தில் வந்தால், அதில் பாதி ஏதோ ஒரு ஏர்போர்ட் நாற்காலியில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக ரொம்பக் குறைவாகவும் எடுக்கக் கூடாது. பெரியம்மாவின் 1 மணி 50 நிமிடம் எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஒரே டிக்கெட்டில், ஒரே நிறுவனத்தில் இருந்ததால் துணிந்தேன். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. முதியவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நடக்க முடிந்தாலும் கேளுங்கள், வழி கண்டுபிடிக்கும் கவலையே இருக்காது.

காசு மிச்சம் என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்து நானே ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். முதல் விமானம் ஒன்றரை மணி தாமதம். பெட்டியை வாங்கி, வெளியே வந்து, மறுபடி செக்-இன் கவுன்டருக்கு ஓடியபோது கவுன்டர் மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது. இரண்டாம் நிறுவனத்துக்கு என் முதல் விமானத்தைப் பற்றிக் கவலையில்லை, சட்டப்படி இருக்கவும் வேண்டியதில்லை. மிச்சம் பிடித்ததைப் போல மூன்று பங்கு கொடுத்துப் புது டிக்கெட். தனித்தனியாக எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் நடுவே ஐந்து மணிக்குக் குறையாமல் விடுங்கள்.

என் அளவுகோல்: ஒரே டிக்கெட்டில் இரண்டரை முதல் மூன்று மணி. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் டெர்மினல் மாற பஸ் ஏற வேண்டியிருந்தால் மூன்று. டெல்லியில் உள்நாட்டு விமானத்திலிருந்து வெளிநாட்டு விமானத்துக்கு மாறினால் நாலு. அப்புறம் ட்ரான்சிட் விசா. நடுவே இறங்கி மாறும் நாட்டுக்கு அது வேண்டுமா என்பது உங்கள் பாஸ்போர்ட்டையும் கையிலிருக்கும் கனடா விசாவையும் பொறுத்தது, விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே அந்த நாட்டு அரசின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

படி 7: வாசலிலிருந்து வாசல்

டொரண்டோவில் (ஈழத்தமிழர்கள் ரொறன்ரோ என்று எழுதுவார்கள், அங்கே கடைப் பலகைகளில் அப்படித்தான் இருக்கும்) நம் ஆட்கள் நிறையப் பேர் இருப்பது கிழக்கே ஸ்கார்பரோ பக்கம். பியர்சன் விமான நிலையமோ நகரத்துக்கு மேற்கே, மிசிசாகாவில். நகர மையத்துக்குப் போக யூபி எக்ஸ்பிரஸ் ரயில் இருக்கிறது, யூனியன் ஸ்டேஷனுக்கு 25 நிமிடம். ஸ்கார்பரோவுக்கு என்றால் 401 நெடுஞ்சாலைதான். சாயங்கால நெரிசலில் அதன் குணம் நம் ஜிஎஸ்டி சாலைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

பெரியம்மாவுக்கு ஒரு துண்டுச் சீட்டில் இப்படி எழுதிக் கொடுத்தேன். திங்கள் இரவு 11.45: தாம்பரம் வீட்டிலிருந்து கிளம்புவது. 3.50: விமானம். புதன் 12.15: டொரண்டோவில் இறங்குவது. குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடிய ஒன்றரை மணி. காரில் ஒன்றே கால் மணி. புதன் விடியற்காலை 3.00: மகள் வீடு. எல்லாம் சென்னை நேரத்தில், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்த ஊர் நேரம். மொத்தம் 27 மணி 15 நிமிடம்.

சீட்டை ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு, "அப்போ அங்க என்ன மணி?" என்று கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சரை, பெரியம்மா."

"சரி, காபி நேரம்தான்" என்று சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.